கால் ஊன்றாத பத்துச் சுற்று

என் அக்காவின் கணவரிடம் யார் "எப்படி இருக்கீக?" என்று கேட்டாலும் "இன்னும் பாக்கலே" என்பார். காலை ஆறு மணிக்கு மேல் கேட்டால் "பாத்தாச்சு, இன்னைக்குப் பரவாயில்லே" என்பார். கேட்டவர்கள் அதைப் பகடி என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவார்கள். அவர் பகடி பேசுகிற ஆள் இல்லை. தன்னைப் பற்றித் தன் வாயாலேயே ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவருக்கு வராது.

பெண் பார்க்க வந்த அன்றே அது தெரிந்துவிட்டது. என் அப்பா சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"கோவம் கீவம் வருமா தம்பி?"

"எனக்குத் தெரிஞ்சு வராதுங்க. ஆனா நானே சொன்னா எப்படி? எங்க அம்மாட்ட கேட்டுக்கோங்க."

பாயில் உட்கார்ந்திருந்த அவர் அம்மா, கேட்காமலேயே பதில் சொன்னார். "வரும். வருசத்துக்கு ஒருக்கா. வந்தா சாப்பிடாமப் படுத்துக்கிடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு, "பொய் சொல்லத் தெரியாத பய" என்று அப்பா சந்தோஷப்பட்டார். அக்கா மட்டும் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "அது இல்லப்பா. அவுகளுக்கு அவுக மேலேயே நம்பிக்கை இல்லே" என்றாள். ஆனாலும் சம்மதம் சொன்னாள்.

நான் அவரை அத்தான் என்பேன். அவர் என்னை மாப்ளே என்பார். வெம்பக்கோட்டைக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவே எங்கள் ஊர். காலை ஆறரைக்கு வேன் வந்தால் ஊரில் பாதி காலியாகிவிடும். அத்தான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர். புஸ்வாணம் என்கிற பூச்சட்டிக்குள் அடைக்கிற மருந்தை, தனி அறையில் தனியாக உட்கார்ந்து, கையால் சலித்துக் கலக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். செருப்பு, மோதிரம், பெல்ட் எதுவும் ஆகாது. கலவை நடக்கும்போது அறை வாசலில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். அது தொங்குகிற வரை உள்ளே இருக்கிறவரை யாரும் கூப்பிடக்கூடாது. வீட்டில் சாவு விழுந்தாலும் கூப்பிடக்கூடாது. திடுக்கிட்டுத் திரும்பினால் முழங்கை எதில் இடிக்கும் என்று சொல்ல முடியாது.

அத்தானுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவரைப் பற்றி ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் ஒரு நாள் காய்ச்சலோடு வந்தாராம். அத்தான்தான் அவரிடம் "முகமே சரியில்லையே" என்று கேட்டிருக்கிறார். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் உள்ளே போயிருக்கிறார். கால் மணி நேரத்தில் இரண்டு கையும் தோள்வரை வெந்துபோனது. உயிர் பிழைத்துக்கொண்டார்.

"வேன்ல தூக்கிப் போடும்போதும் அதத்தான் மாப்ளே சொல்லிக்கிட்டே வந்தாரு. எனக்கு ஒண்ணுமில்லே, நல்லாத்தான் இருக்கேன்னு. அவரு பொய் சொல்லலே. நெசமாவே அவருக்கு அப்படித்தான் தோணிருக்கு."

அந்த அறைக்கு அத்தானைப் போகச் சொன்னபோது, தான் எப்படி இருக்கிறோம் என்று தன்னிடம் கேட்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி தேடினார். கிடைத்தது ஒரு குட்டிச் சைக்கிள்.

கல்யாணத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இரண்டு வருடம் இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்தில் பையன்கள் குட்டிச் சைக்கிளை வைத்துக்கொண்டு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். குதிப்பது, பறப்பது எதுவும் அதில் இல்லை. சமதரை, ஒரு சைக்கிள், கால் தரையில் படக்கூடாது. சக்கரத்தின் அச்சில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் உருளைகள் மேல் ஏறி நின்று, முன்னும் பின்னும் போய், நின்ற இடத்திலேயே சுழல்வார்கள். பிளாட்லேண்ட் என்று அதற்குப் பேர்.

ஊர் திரும்பிய பிறகு, சாத்தூர் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்த வெளிநாட்டுக் கழிவுக் குவியலில் அப்படி ஒரு சைக்கிளின் பிரேமைப் பார்த்திருக்கிறார். மேல்குழாய் இருக்கைக்கு அருகே இரண்டாகப் பிரியும். அந்த இடத்தில் ஒரு பாதம் வைக்கிற அளவுக்குச் சின்னத் தட்டு பற்றவைத்திருக்கும். அந்தத் தட்டைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். சாத்தூரிலிருந்து பஸ் மேல் போட்டுக் கொண்டுவந்து, நம் ஊர்ச் சைக்கிள் கடையில் கிடைத்த சக்கரம், பெடல் எல்லாம் மாட்டி ஓட்ட ஆரம்பித்தார். பின்சக்கரம் ஆடும். கைப்பிடி ஒரு பக்கம் இழுக்கும்.

ஊருக்கு மேற்கே அரசாங்கம் போட்டுக் கொடுத்த சிமெண்டுக் களத்தில், விடிந்தும் விடியாத வேளையில் அவர் பார்க்கிற காரியம் நடக்கும். பெடலில் நின்றுகொண்டு பின்னோக்கி வட்டம் போடுவார். அது லேசான வேலையில்லை. சக்கரம் பின்னால் உருண்டால் பெடலும் சேர்ந்து பின்னால் சுழலும். அதற்கு ஈடுகொடுத்துக் காலை ஓட்டிக்கொண்டே, கைவிரலால் கைப்பிடியை மயிரிழை மயிரிழையாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். கால் ஊன்றாமல் பத்துச் சுற்று வந்தால் வேலைக்குப் போவார். ஊன்றிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மூன்று தரம் ஊன்றினால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

"இன்னைக்கு லீவு."

"ஏன், என்ன செய்யுது உங்களுக்கு?" என்று அக்கா கேட்பாள்.

"தெரியலே. என்னமோ செய்யுது."

களத்தில் மிளகாய் காயப்போட வருகிற பெண்கள் சும்மா விடமாட்டார்கள். "ஏண்ணே, சர்க்கஸ் எந்த ஊர்ல? டிக்கெட்டு உண்டா?" "பின்னால போறதுக்கு எதுக்குண்ணே வண்டி, நடந்தே போகலாம்ல?" அவர் கவனம் கலையாமல் சுற்றிக்கொண்டே இருப்பார். ஒருத்தி, அவர் எத்தனை தரம் கால் ஊன்றுகிறார் என்று கணக்குப் பார்த்து, "இன்னைக்கு மருந்து கலக்க ஆள் இல்லேடி" என்று வேன் வருவதற்கு முன்பே ஊருக்குள் சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் போர்மேன் தன் டி.வி.எஸ்ஸில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"என்னப்பா, காய்ச்சலா?"

"இல்ல அண்ணாச்சி."

"வயித்தால போகுதா?"

"இல்ல."

"பிறகு என்ன மயித்துக்குய்யா லீவு? அங்கன அம்பது பொம்பளைங்க மருந்துக்குக் காத்துக் கிடக்காளுக. சைக்கிள் போகாதன்னு சொல்லுச்சாம், இவரு போகமாட்டாராம்!"

"அண்ணாச்சி, நான் வந்து உள்ள உக்காந்தா நீங்க அந்தப் பக்கம் வருவீகளா?"

போர்மேன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அக்கா அன்று முழுக்க அத்தானோடு பேசவில்லை. ஊரில் எல்லோருடைய புருஷனும் உடம்பு சரியில்லாவிட்டாலும் வேலைக்குப் போகிறான், இவர் சரியாக இருக்கும்போதே உட்கார்ந்துகொள்கிறார் என்பது அவள் வருத்தம். கையில் குழந்தை வேறு. எனக்கும் அக்கா பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றியது.

அதனால் நான் ஒன்று செய்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். உராய்வு, சுழற்சி என்று வகுப்பில் கேட்டதெல்லாம் அந்தச் சைக்கிளைப் பார்க்கும்போது ஞாபகம் வரும். சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோது, அந்த மாதிரி எண்பதுகளின் பிரேமை இன்றைக்கும் உலகத்தில் ஆசையாக ஓட்டுகிறவர்கள் இருப்பது தெரிந்தது. பழைய பிரேமை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் புதிதாக மாற்றிவிடுகிறார்கள். அத்தானின் சிங்கப்பூர்க் கூட்டாளிக்கு ஒரு மெயில் போட்டேன். அவர் தனக்குப் பழக்கமான சைக்கிள் பையன்களிடம் கேட்டு வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பையே கொடுத்துவிட்டார். பின்சக்கரத்தின் நடுவில் மாட்ட ஒரு புது ஹப், முன்சக்கரம், பெடல், கைப்பிடி திரும்புகிற கழுத்துக்கு ஒரு பேரிங், கைப்பிடியை எத்தனை தரம் சுழற்றினாலும் பிரேக் ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு தட்டு.

பை வந்த வாரம் அத்தான் படுத்துவிட்டார். ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்து, ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த வருடம் அது. அவர் காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்த மூன்று வாரமும் நான் அந்தச் சைக்கிளோடு கிடந்தேன். எழுந்து வரும்போது அவர் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. புது ஹப்பின் அச்சு தடிமன், பழைய பிரேமின் வாய் குறுகல். அரம் போட்டு இரண்டு நாள் ராவினேன். பெடல் போகிற துவாரமோ பெரிது. சிவகாசியில் பிரிண்டிங் மிஷினுக்கு உருளை கடைகிற லேத்துக்காரர் நடுவில் ஒரு வளையம் கடைந்து கொடுத்தார். மாட்டி முடித்துச் சக்கரத்தைச் சுண்டினால், டீ குடித்துவிட்டு வந்து பார்க்கும்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பின் ஹப்பில்தான் விசேஷம். பின்னோக்கி உருண்டால் பெடல் அசையாது. கால் சும்மா நிற்கலாம்.

அத்தான் எழுந்து, மெலிந்த கையோடு களத்துக்கு வந்து, அதில் ஏறிப் பின்னோக்கிப் போனார். ஒரு தரம்கூட ஊன்றவில்லை. பத்துக்கு மேல் இரண்டு சுற்று கூடப் போட்டார்.

"காய்ச்சல் நம்மள ஒண்ணும் பண்ணலே மாப்ளே" என்றார்.

மறுநாள் வேலைக்குப் போனார். அதற்கு மறுநாளும். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ஐந்து வாரம், ஒரு நாள் லீவு கிடையாது. போர்மேன் தெருவில் என்னைப் பார்த்து, "தம்பி, நல்ல காரியம் பண்ணீக" என்றார். அக்கா என் தட்டில் கூட ஒரு முட்டை வைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.

ஒரு நாள் வேனுக்குக் காத்திருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல, "எப்படி இருக்கீக?" என்றார்.

"நல்லா இருக்கேண்ணே" என்றார் அத்தான்.

பக்கத்து வீட்டுக்காரருக்கே ஒரு மாதிரி இருந்தது. "அட, பாத்துட்டீகளா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று முழுக்க எனக்குள் என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் பிடிபடவில்லை.

காரணம் நான்கைந்து நாள் கழித்து ஒரு காலையில் தெரிந்தது. கல்லூரி இல்லாத நாள். அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் அத்தானுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். "புது மாப்பிள்ளைன்னு நெனப்பு. தெனமும் நாந்தான் போட்டுவிடணுமாம்" என்று என்னிடம் கேலியாகச் சொன்னாள். அத்தான் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டு, "காலையில கொஞ்சம் இறுக்கமா இருக்கு. வெயில் ஏறுனா சரியாப் போகும்" என்றார். வேன் வந்தது, ஏறிப் போனார்.

வெயில் ஏறுவதற்கு முன்புதான் அவருக்கு வேலை.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். இரண்டு வருடமாக லீவு நாட்களில் முயற்சி செய்து, பின்னோக்கிக் கால் வட்டம்கூட என்னால் போக முடிந்ததில்லை. ஏறினேன். முதல் தடவை முக்கால் வட்டம். இரண்டாம் தடவை இரண்டரைச் சுற்று. கைப்பிடியை விரலால் திருத்த வேண்டிய அவசியமே வரவில்லை. உள்ளங்கையை மேலே வைத்திருந்தால் போதும், வண்டி தானே போனது.

அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு மிதித்தேன். ஏழு கிலோமீட்டர். கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

"எங்கத்தான உடனே பாக்கணும்."

"கலவை நடக்குது தம்பி. துணி தொங்குது பாருங்க."

வேலிக்கு அப்பால், மற்ற கட்டடங்களிலிருந்து தள்ளி, வெள்ளையடித்த சின்ன அறை தெரிந்தது. வாசலில் சிவப்புத் துணி.

"ரொம்ப அவசரம்ணே."

"அவசரம்னா இன்னும் பொறுமையா உக்காருங்க. நீங்க அவசரமாப் போய் அவரு அவசரமாத் திரும்பணுமா?"

கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த அறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல் இருந்தது. ஒரு லாரி வளைவில் கியர் மாற்றியபோது எழுந்து நின்றுவிட்டேன். விறைத்த விரல்களுக்குள் சல்லடை நழுவுவதை எத்தனை தரம் பார்த்தேன் என்று தெரியாது. வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தார். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்குத் துணி இறங்கியது. புருவம், காது மடல் எல்லாம் வெள்ளிப்பொடி படிந்து அத்தான் வந்தார். என்னைக் கண்டதும் நடை வேகமானது.

"என்ன மாப்ளே? வீட்ல பாப்பாவுக்கு ஏதும்..."

"இல்லத்தான். நான் இன்னைக்கு உங்க வண்டிய ஓட்டுனேன். பின்னால."

"சரி?"

"ரெண்டரைச் சுத்து போனேன். ஊனாம."

"நீயா?"

"நான்தான்."

என் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. அத்தான் அதை மாட்டப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாமல் வழுக்கின. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை முயற்சி செய்யாமல் கையைத் தன் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே நடந்தார்.

கலந்த மருந்தை அடைக்கிற அறைகளுக்குக் கொண்டுபோக இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அத்தான் பாதையின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். போர்மேன் ஓடிவந்தார். கேட்டிலிருந்தே எல்லாம் கேட்டது.

"என்னய்யா இது புதுசா?"

"இன்னைக்கு நான் கலந்தத ஒதுக்கி வச்சிருங்க அண்ணாச்சி. அடைக்க வேண்டாம்."

"எதையாவது மாத்திப் போட்டுட்டியா?"

"இல்லே."

"அளவு கூடிப் போச்சா?"

"இல்லேன்னுதான் நெனைக்கேன்."

"பிறகு என்ன?"

"நான் நெனைக்கிறத வச்சு என்ன பண்ண அண்ணாச்சி? சட்டப் பொத்தான் போட முடியலே என்னால. இந்தக் கைதான் சலிச்சிருக்கு."

"வடக்க போற ஆர்டர்யா! லாரி சாயங்காலம் வருது! மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

"என்னையக் கை காட்டுங்க. ஒழுங்காக் கலக்கலேன்னா பூச்சட்டி பூக்காது, வெடிக்கும். குனிஞ்சு பத்தவைக்கிறது பச்சப் புள்ளையா இருக்கும்."

பெண்கள் இருவரும் பின்வாங்கி நின்றுகொண்டார்கள். போர்மேன் அந்த இரண்டு பேரைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். காறித் துப்பினார். "எரிக்கிற குழிக்குக் கொண்டுபோகச் சொல்லு" என்று யாரிடமோ கத்திவிட்டு ஆபீசுக்குள் போனார்.

அதன் பிறகு அத்தான் அந்த அறைக்குள் போகவில்லை. லேபிள் ஒட்டுகிற இடத்தில் பெண்களோடு உட்கார வைத்தார்கள். "மருந்துக்காரரே, பசை கலக்கவாவது வருமா?" என்று அவர்கள் வாயைக் கிளறுவார்கள். "இன்னும் பாக்கலே" என்பார். சிரிப்பு அடங்க நேரமாகும்.

என்மேல் அவருக்கு வருத்தம் உண்டா என்று கேட்டேன். "உன் மேல என்ன மாப்ளே. நல்ல வண்டி. ஞாயித்துக்கிழமை ஓட்ட இதுமாதிரி வண்டி கிடையாது. நான்தான் அதுட்டப் போயி என்னையப் பத்திக் கேட்டுட்டேன்" என்றார். ஆனால் அவர் தூங்கவில்லை என்று அக்கா சொன்னாள். அந்த ஒரு நாள் மருந்தைத்தான் நிறுத்த முடிந்தது. அதற்கு முந்திய ஐந்து வாரத்தில் கலந்தது எல்லாம் லாரி ஏறிப் போயிருந்தது. வடக்கே போய் வந்த டிரைவர்களை டீக்கடையில் பிடித்துக்கொண்டு, "அங்கன ஏதும் கேள்விப்பட்டீகளா?" என்று கேட்பார். "என்னத்தண்ணே கேக்கீக?" என்பார்கள். "ஒண்ணுமில்லே" என்று எழுந்து வந்துவிடுவார்.

சீசன் முடிந்ததும் கம்பெனி எல்லோருக்கும் ஒரு பெட்டி கொடுக்கும். அந்த வருடம் அத்தானுக்குக் கிடைத்ததில் பத்துப் பூச்சட்டி இருந்தது. பெட்டியின் அடியில் இருந்த தேதி முத்திரையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஐந்து வாரத்துக்குள் வருகிற தேதி.

தீபாவளி அன்று மாலை, வீட்டுக்குப் பின்னால் கரிசல் காட்டில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார். அக்காவையும், மூன்று வயது மகளைத் தூக்கிவைத்திருந்த என்னையும் வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். "நானு, நானு" என்று குழந்தை திமிறி அழுதது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நீளக் குச்சியில் ஊதுபத்தியைக் கட்டி, ஒன்றைப் பற்றவைத்தார். பற்றவைத்த பிறகு ஓடாமல் இரண்டு அடி தள்ளி, எங்களுக்கும் பூச்சட்டிக்கும் நடுவே நின்றுகொண்டார். அது சீறி எழுந்து, தலைக்கு மேலே பூத்து, தணிந்து அணைந்தது. அதன்பிறகுதான் அடுத்தது. ஒவ்வொன்றும் சீறத் தொடங்கும்போது அக்காவின் கை என் தோளை இறுக்கியது. குழந்தைகூட நான்காவதுக்கு மேல் அழவில்லை.

பத்தாவதும் ஒழுங்காகப் பூத்து அணைந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. அக்கா வரப்பைத் தாண்டிப் போய் அவர் கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டாள்.

"போதுமா? எல்லாம் நல்லாத்தான எரிஞ்சுச்சு?"

சூடு ஆறாத கடைசிப் பூச்சட்டியைக் காலால் புரட்டி, அதன் அடியை அவர் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பெட்டி நல்லா எரிஞ்சுச்சு" என்றார்.